கம்ப்யூட்டருக்கு இரண்டாவது பூட்டு

சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடைக்குப் பின்னால் ஒரு குடோன் இருக்கிறது. அதன் ஷட்டருக்கு இரண்டு பூட்டுகள். கடை முதலாளிகள் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர். அண்ணன் பூட்டுக்குச் சாவி என்னிடம், தம்பி பூட்டுக்குச் சாவி அவருடைய மருமகனிடம். காலையில் நாங்கள் இருவரும் வந்தால்தான் ஷட்டர் மேலே போகும். இருபது வருடங்களாக இப்படித்தான். ஒரு தடவைகூட குடோனிலிருந்து ஓர் ஆணி களவு போனதில்லை. பாதுகாப்பு என்றால் இரண்டு பூட்டு என்று என் மனதில் பதிந்து போயிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் செய்த காரியத்துக்கு இதுதான் காரணம் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தபோது தெரிந்தது.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது என் மனைவிக்காக. அவள் ரவிக்கைகளுக்கு எம்பிராய்டரி போடுகிறாள். கையால் அல்ல, மெஷினில். கம்ப்யூட்டரில் டிசைனை வரைந்து, பென் டிரைவில் ஏற்றி, மெஷினில் செருகினால் ஊசி தானாக ஓடிப் பூவும் இலையும் போட்டுவிடும். பழைய மெஷினையும் பழைய கம்ப்யூட்டரையும் ஒருவர் சேர்த்தே விற்றார். டிசைன் வரைகிற சாஃப்ட்வேரையும் அவரே போட்டுக் கொடுத்தார். அவள் பத்தாம் வகுப்போடு நின்றவள். நான் ஐந்தாம் வகுப்பு. ஆங்கில எழுத்துகள் எனக்குத் தெரியும், அதுவும் நட்டு, போல்ட் வரும் அட்டைப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப் படித்ததுதான்.

முதல் இரண்டு வருடம் அவள் மற்றவர்கள் வரைந்த டிசைன்களைத்தான் போட்டாள். இந்த வேலை செய்யும் பெண்கள் தங்களுக்குள் பென் டிரைவை மாற்றிக் கொள்வார்கள். சமையலறையில் தயிருக்கு உறை வாங்குவது போல, ஒரு மயில் கொடு, ஒரு தாமரை கொடு என்று வாங்கிப் போவார்கள். அப்படி வந்த ஒரு பென் டிரைவிலிருந்துதான் ஒரு தடவை வைரஸ் வந்தது. கம்ப்யூட்டருக்குள் டிசைன்கள் இருந்த பெட்டிகள் எல்லாம் பெயர் மட்டும் இருந்து, திறந்தால் ஒன்றும் இல்லாமல் ஆயின. கிழக்கேகோட்டையில் இருந்து சர்வீஸ் ஆள் வந்து சரி பண்ணி, ஓர் ஆன்டிவைரஸையும் போட்டுவிட்டுப் போனார். ஒரு வருடம் கழிந்ததும் திரையின் மூலையில் சிவப்பாக ஒரு கட்டம் வர ஆரம்பித்தது. காலம் முடிந்துவிட்டது, புதுப்பியுங்கள் என்று அது சொல்கிறதாம். அவள் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அது மறுபடி வரும்.

அவளுக்கு அது ஈ மாதிரி. எனக்கு அப்படி இல்லை. நான் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது அந்தச் சிவப்பு கண்ணில் பட்டால் சோறு இறங்காது. அதற்குக் காரணமும் இருந்தது. அந்த ஆவணி மாதம், இங்கே மலையாளத்தில் சிங்ஙம் என்பார்கள், கல்யாணங்கள் நெருங்கி வந்த நேரம், அவள் முதல் முதலாகத் தானே ஒரு டிசைன் வரைந்திருந்தாள்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே ஒரு பலா மரம். அதில் நல்லமிளகுக் கொடி ஏறியிருக்கிறது. பாத்திரம் கழுவும்போது அவள் தினமும் பார்ப்பது அதைத்தான். ஒருநாள் வந்து உட்கார்ந்து அதை வரைய ஆரம்பித்தாள். மூன்று வாரம் ஆயிற்று. இலையின் நரம்பு எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த நூல் முதலில், எது அதன் மேல் என்று ஒவ்வொரு தையலையும் சொல்லி வைக்க வேண்டும். மிளகு மணிகள் தொங்கும் சரத்தை மட்டும் பதினோரு தடவை அழித்து வரைந்தாள். ஒரு பழைய துணித்துண்டில் தைத்துப் பார்த்து மாதிரிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஊசி குத்தி வைத்தாள். முன்னால் வைக்க அவளுக்குக் கூச்சம். கல்யாணப் பெண் ஒருத்தி வந்து மயிலையும் தாமரையையும் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்கு வந்து, இது போதும் என்றாள். யார் வரைந்தது என்று அவள் கேட்டபோது என் மனைவி அந்தத் துணித்துண்டின் ஓரத்தை நீவி விட்டாள். பிறகு, நானாக்கும், என்றாள்.

முதுகுப் பக்கம் தைத்து முடிந்தது. கைகள் இரண்டும் பாக்கி. அதற்கு அதே கொடியைச் சிறிதாக்கி வரைய வேண்டும். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, ரவிக்கையைச் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். கொடியின் படம் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. மூலையில் சிவப்புக் கட்டம்.

கடைக்கு வரும் ஒருவர், எங்கோ ஒரு கடையின் கம்ப்யூட்டரை வெளியூர்க் களவாளிகள் பூட்டிக் காசு கேட்டார்கள் என்று சொன்னதை நான் கேட்டிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கடையிலும் எடுத்துக் கொடுப்பேன், எண்ணிக் கொடுப்பேன், விலை பேச வேறு ஆள் உண்டு. செவ்வாய்க்கிழமை, எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்குப் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் வேணுமா என்று கேட்டேன். விற்கிறவரிடம் வேணுமா என்று கேட்டால் என்ன சொல்வார்? கண்டிப்பாக வேணும் என்றார். முதலில் இலவசமாகப் போட்டுப் பாருங்கள் என்று ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பழையது ஒன்று உள்ளே இருக்கிறதே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இருந்தால் நல்லதுதானே, இரண்டு பூட்டு, என்று நினைத்துக் கொண்டேன்.

மறுநாள் ஹர்த்தால். சாலையில் ஒரு கடையும் திறக்கவில்லை, பஸ்ஸும் ஓடவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவள் பக்கத்துச் சந்தில் உள்ள சர்ச்சுக்குப் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கு நடந்து போனாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கடைக்காரர் சொன்னபடி பென் டிரைவைச் செருகி இரண்டு தடவை அமுக்கினேன். என்னவெல்லாமோ கேட்டது. ஒவ்வொன்றுக்கும் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. பச்சை என்றால் போகலாம். நான் பச்சையை அமுக்கிக் கொண்டே போனேன். பிறகு அது நிறைய நேரம் ஓடி, சிவப்பில் ஒரு பட்டியல் காட்டிற்று. இத்தனை களவாளிகள் உள்ளே இருந்திருக்கிறார்களே என்று நினைத்துக் கொண்டேன். கீழே பச்சை. அமுக்கினேன். பட்டியல் போய்விட்டது. எழுந்து போய்ப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் குடித்தேன். அவள் வந்ததும் சொல்ல வேண்டாம், தானாகத் தெரியட்டும் என்று இருந்தேன். ஒரு மணி நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது.

சாயங்காலம் அவள் உட்கார்ந்து சாஃப்ட்வேரைத் திறந்தாள். திறக்கவில்லை. கம்ப்யூட்டரே சுமை தூக்கியவன் மாதிரி மூச்சு வாங்கியது. மவுஸை நகர்த்தினால் அம்பு பின்னால் மெல்ல வந்தது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதேதான். சாஃப்ட்வேரின் படம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம் மாதிரி ஒன்று.

நான் கதவோரம் நின்று கொண்டிருந்தேன். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும்.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. பென் டிரைவை மாற்றிக் கொள்ளும் பெண்களையோ, கம்ப்யூட்டரை விற்றவரையோ, என்னையோ, யாரையும் சொல்லவில்லை. தன் கையைத்தான் பார்த்தாள்.

"நான் எதையோ அமுக்கிப் போட்டேன் போல," என்றாள். "சும்மா அடுத்தவங்க வரைஞ்சதப் போட்டுக்கிட்டு இருந்திருக்கணும். எனக்கு எதுக்காக்கும் இந்த வரைப்பு?"

நான் வாயைத் திறந்தேன். அப்போது அடுப்பில் எதுவோ பொங்கிற்று, அவள் எழுந்து போனாள். பொங்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை.

வியாழக்கிழமை கடையில் எனக்கு எண்ணிக்கை தவறியது. அரை அங்குல போல்ட் கேட்டவருக்கு முக்கால் அங்குலம் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் அவள் போன் செய்தாள். சர்வீஸ் ஆளிடம் பேசினாளாம். நாளைக் காலையில் வருகிறாராம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால்தான் சரியாகும் என்றாராம்.

மிளகுக் கொடி, என்று கேட்டேன்.

"அதும் போவும்," என்றாள். "போவட்டு. கையில மயில் போட்டுக் குடுக்கலாம்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிப் பாக்கணும்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் மலையாளிப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். ஒரு வருடமாகக் கீழும் மேலுமாக இருந்தும் நாங்கள் பேசியது எல்லாம் தண்ணீர் மோட்டாரைப் பற்றித்தான். போடட்டுமா என்பாள், போடுங்கள் என்பேன். படிக்கட்டில் எதிரே வந்தால் நான் சுவரோடு ஒதுங்குவேன். அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவன் வீட்டுக்குள் போகாமல் நேரே மாடிப்படி ஏறினேன். பாதியில் நின்றேன். திரும்பி இரண்டு படி இறங்கினேன். பிறகு ஏறிக் கதவைத் தட்டிவிட்டேன்.

அவள் கதவைத் திறந்து, "எந்தா அண்ணாச்சி, மோட்டாரா?" என்றாள்.

கம்ப்யூட்டர், என்றேன். கீழே கையைக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக் கொண்டாள்.

கீழே வந்து உட்கார்ந்து பார்த்தாள். அதிகம் நேரம் ஆகவில்லை. கம்ப்யூட்டர் ஏன் மூச்சு வாங்குகிறது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "ரெண்டு ஆன்டிவைரஸ் உண்டல்லோ இதில," என்று பக்கத்தில் வந்து நின்ற என் மனைவியிடம் சொன்னாள். "ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு போட்டா அது தம்மில் அடி கூடும் சேச்சி. ஒண்ணு மத்தத களவாளின்னு நெனைக்கும். இந்த ரெண்டாவது ஆர் போட்டது?"

என் மனைவி திரையைக் குனிந்து பார்த்தாள். "நானாத்தான் இருக்கும்," என்றாள். "பென் டிரைவ் குத்தினப்ப வந்திருக்கும்."

மாடிப் பெண் எதையோ அமுக்கிப் பார்த்தாள். "புதனாழ்ச்ச, மூணரை மணி," என்று வாசித்தாள்.

"புதன் மூணரைக்கு நான் சர்ச்சுல இருந்தேனே," என்றாள் என் மனைவி.

மாடிப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. திரையிலேயே கண்ணை வைத்திருந்தாள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். நான் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

"நான்தான் போட்டேன். ஹர்த்தால் அன்னைக்கு. நீ சர்ச்சுக்குப் போனப்ப."

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "பிறவு ஏன் சொல்லல்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நேத்து ராத்திரி பூரா நான் என் கையத் திட்டிக்கிட்டு இருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"இங்கதான்," என்று அவளும் சொன்னாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாடிப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சேச்சி பேடிக்கண்டா, பயப்படாதீங்க, ஃபைல் ஒண்ணும் போயிட்டில்ல," என்றாள். கொடி இருந்த இடத்தைத் திறந்து காட்டினாள். பெயர் இருந்தது. திறக்கத்தான் சாஃப்ட்வேர் இல்லை. என் மனைவி அந்தப் பெயரின் மேல், திரைக் கண்ணாடியில், விரலை வைத்துப் பார்த்தாள்.

பிறகு மாடிப் பெண் விஷயத்தை விளக்கினாள். அது சொல்ல அவளுக்கு வருத்தமாக இருந்தது என்பது அவள் நிறுத்தி நிறுத்திப் பேசியதில் தெரிந்தது. கம்ப்யூட்டரை விற்றவர் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர் முறையாக வாங்கியது அல்ல. அதன் பூட்டை உடைக்க யாரோ ஒரு சின்ன ஃபைலைச் செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள். நான் புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸ் அந்தச் சின்ன ஃபைலைப் பிடித்து ஒதுக்கி வைத்துவிட்டது. பச்சையை அமுக்கி அதற்குச் சம்மதம் கொடுத்தவன் நான். அது செய்தது தவறு என்றும் சொல்ல முடியாது, இப்படிப்பட்ட ஃபைல்களோடு சில நேரம் மோசமானவையும் ஒளிந்து வரும், என்றாள்.

என் மனைவி இதைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ரெண்டு வருஷமா நான் கள்ளச் சாவி போட்டாக்கும் தெறந்துக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

"சேச்சிக்கு அறியாதல்லோ."

"இப்பத் தெரிஞ்சாச்சே."

அவள் கேட்டதை யோசித்துப் பார்க்கிறேன். சனிக்கிழமை கொடுக்க வேண்டிய வேலை, பாதி தைத்த துணி, எல்லாம் முன்னால் கிடக்க, அவள் முதலில் கேட்டது இதற்கு நேர்வழி என்ன உண்டு என்பதுதான். காசு கொடுக்காமலே, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்து வைத்திருக்கும் சாஃப்ட்வேரும் இந்த வேலைக்கு உண்டு, ஆனால் கற்றுக் கொள்ள நாள் பிடிக்கும், பழைய படம் அதில் அப்படியே திறக்காது, மறுபடி வரைய வேண்டியிருக்கும் என்றாள் மாடிப் பெண். இரண்டு நாளில் நடக்காது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் போட்டதையும், காலம் முடிந்த பழையதையும் நீக்குவது. ஒதுக்கி வைத்ததை இந்த ஒரு ரவிக்கைக்காக மட்டும் திரும்ப எடுப்பது. அதுவரை நெட் வயரைப் பிடுங்கி வைப்பது, யாருடைய பென் டிரைவையும் செருகாமல் இருப்பது. ரவிக்கை போனதும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது.

நெட் வயரை நான் பிடுங்கினேன். அது ஒன்றுதான் எனக்குக் கொடுத்த வேலை.

வெள்ளிக்கிழமை காலையில் வர இருந்த சர்வீஸ் ஆளை வேண்டாம் என்று நானே போன் செய்து சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் போனில் பேசுவது எனக்கு ஆகாத காரியம். ஆனாலும் பேசினேன். அவள் அன்று பூராவும் வரைந்தாள். கைக்காகக் கொடியைச் சிறிதாக்கும்போது மணிகள் நெருங்கி ஒன்றாகிவிட்டன. ஒவ்வொரு சரத்திலும் இரண்டு மணியை எடுத்துவிட்டாள். சனிக்கிழமை காலை மெஷின் ஓடியது. நான் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நூல் அறுந்தால் கோத்துக் கொடுக்கப் பக்கத்தில் நின்றேன். அவள் என்னிடம் தேவைக்குத்தான் பேசினாள். பச்சை என்பாள், எடுத்துக் கொடுப்பேன். கறுப்பு என்பாள், எடுத்துக் கொடுப்பேன். இடது கை முடிந்ததும் துணியை உதறி விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். கொடி தோளிலிருந்து இறங்கி முழங்கைக்கு மேல் நின்றது.

"நல்லாருக்கு," என்றேன்.

"நீங்க களையப் பாத்த கொடியாக்கும்," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ரவிக்கை போன பிறகு, மாடிப் பெண் சொன்னபடி கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து எல்லாம் புதிதாகப் போட்டோம். ஆன்டிவைரஸ் மறுபடி வாங்க வேண்டுமா என்று இந்தத் தடவை வாய் திறந்து கேட்டேன். "கம்ப்யூட்டர் கூடத்தன்னே ஒண்ணு வரும் அண்ணாச்சி. உங்க வீட்டுக்கு அது மதி. அத ஆஃப் பண்ணாம இருந்தாப் போதும்," என்றாள். மதி என்றால் போதும். அது தன்னைப் புதுப்பித்துக் கொள்ளக் கேட்கும்போது விட வேண்டும், வெளியிலிருந்து வரும் பென் டிரைவைத் திறப்பதற்கு முன்னால் அதைக் கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும், எங்கிருந்து வந்தது என்று தெரியாததைப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, போனால் அழக்கூடியது எதுவோ அதற்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். பெரிய கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் வேறு கணக்கு இருக்கும், அது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு இதுதான்.

குடோன் பூட்டைப் பற்றியும் யோசித்தேன். இருபது வருடம் திறந்தும் எனக்கு விளங்காமல் இருந்தது. அந்த இரண்டு பூட்டும் கள்ளனுக்காகப் போட்டவை அல்ல. கள்ளனுக்கு நல்ல பூட்டு ஒன்று போதும். அண்ணனுக்குத் தம்பி மேலும் தம்பிக்கு அண்ணன் மேலும் நம்பிக்கை இல்லாததால் தொங்குபவை அவை. காலையில் ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் வெயிலில் நிற்க வேண்டும். அதைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டு வந்து, என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளுடைய கம்ப்யூட்டரில் தொங்க விட்டிருக்கிறேன்.

புதிய சாஃப்ட்வேரில் கொடியை மறுபடி வரைய அவளுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. திட்டிக் கொண்டேதான் வரைந்தாள், ஆனால் தன் கையைத் திட்டவில்லை. இந்தக் கொடியில் இலைகள் கொஞ்சம் அகலம். மாதிரிப் புத்தகத்தில் இப்போது அது முதல் பக்கத்தில் இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் அவள் அந்த வாரம் வரைந்ததை ஒரு சின்ன பென் டிரைவில் ஏற்றி என்னிடம் கொடுக்கிறாள். வேறு யாருக்கும் கொடுக்காத பென் டிரைவ் அது. வீட்டில் இருக்கக் கூடாது, நீங்கள் வைத்துக் கொள்ளுங்கள், என்று சொல்லிவிட்டாள். குடோன் சாவி வளையத்திலேயே அதையும் கோத்து இடுப்பில் வைத்திருக்கிறேன்.